முத்திரை முறிந்த வரலாறு

நம்பிக்கை கண்ணுக்குப் புலப்படாத பொருள். அதனைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பில்தான் மனிதன் முத்திரையைப் படைத்தான். ஓலைச் சுருளின் முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி, அதன்மேல் மோதிரத்தை அழுத்திய காலம் தொடங்கி, பத்திரத்தின் அடியில் அரசு இலச்சினை பொறிக்கும் இந்நாள் வரை, முத்திரை நமக்குச் சொல்லி வந்த சேதிகள் இரண்டே. இது இன்னாரிடமிருந்து வந்தது என்பது ஒன்று. இடைவழியில் எவரும் இதனைப் பிரித்துப் படிக்கவில்லை என்பது மற்றொன்று.

மடல்கள் ஓலையை விட்டுத் தாளுக்கும், தாளை விட்டு இணையத்திற்கும் இடம் பெயர்ந்துவிட்ட பிறகும் இவ்விரு சேதிகளின் தேவை குறையவில்லை, பன்மடங்கு பெருகிற்று. வங்கிக் கணக்கைப் பார்ப்பவர், வரி செலுத்துபவர், கடல் கடந்து வாழும் மகனுக்கு மடல் எழுதும் தாய் ஆகிய அனைவரும், தாம் அறியாமலேயே நாள்தோறும் ஒரு முத்திரையை நம்பித்தான் அவற்றைச் செய்கின்றனர். அத்தகைய முத்திரை ஒன்று 2011ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் சிறு நகரம் ஒன்றில் முறிந்தது. முறிந்ததை அறிந்தவர்கள் வாய்மூடி இருந்தனர். அதன் விளைவை அனுபவித்தவர்களோ, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அப்பால் வாழ்ந்த, அந்நகரின் பெயரையே கேள்விப்பட்டிராத மக்கள். அந்த வரலாற்றையே ஈண்டு காண்போம்.

முத்திரை வைப்போர் யார்?

இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என்கிறோம். ஒரு வங்கியின் தளத்தை நாம் நாடும்போது, அத்தளம் உலாவியிடம் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. "நான் இன்ன வங்கியேதான், என்னோடு நீ பேசும் பேச்சைப் பூட்டி வைப்பதற்குரிய திறவுகோல் இதுவே" என்பது அச்சான்றிதழின் பொருள். தனக்குத் தானே சான்று கூறிக்கொள்பவனை உலகம் நம்பாது அன்றோ? ஆகவே, அச்சான்றிதழில் மூன்றாம் நபர் ஒருவரின் மின்கையொப்பம் இருத்தல் வேண்டும். அந்த மூன்றாம் நபரே சான்றளிக்கும் நிறுவனம்.

சரி, அந்த நிறுவனத்தை நம்பலாம் என்று நமக்குச் சொன்னது யார்? உலாவியையும் கணிப்பொறியின் இயக்க மென்பொருளையும் ஆக்கித் தரும் நிறுவனங்களே அதனைச் சொல்கின்றன. மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், கூகுள், மொஸில்லா ஆகிய விரல்விட்டு எண்ணத்தக்க சில அமைப்புகள், நம்பத்தக்க சான்றளிப்போரின் பட்டியல் ஒன்றைத் தத்தம் மென்பொருளுக்குள் வைத்துள்ளன. அப்பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட மூலச் சான்றிதழ்கள் உண்டு. பட்டியலில் இடம் பெற்றவரின் கையொப்பத்தை உலாவி கேள்வி கேளாமல் ஏற்கும். இடம் பெறாதவருடையதைக் கண்டால் எச்சரிக்கை விடுக்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை தொடக்கம் முதலே இருந்தது. பட்டியலில் உள்ள எந்த நிறுவனமும் உலகின் எந்தத் தளத்திற்கும் சான்றிதழ் வழங்க இயலும் என்பதே அக்குறை. நெதர்லாந்தின் ஒரு நிறுவனம் அமெரிக்கத் தளம் ஒன்றின் பெயரால் ஒப்பமிட்டுக் கொடுத்தாலும், ஈரானில் உள்ள ஒருவரின் உலாவி அதனை மெய்யென்றே கொள்ளும். நூறு வாயில்கள் உள்ள கோட்டையில் ஒரு வாயிற்காவலன் உறங்கினாலும் போதும். மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் விழித்திருந்து பயனில்லை.

பெவர்வெய்க் நகரத்து நிறுவனம்

நம் முன்னோர் ஒல்லாந்து என வழங்கிய நெதர்லாந்தின் பெவர்வெய்க் நகரில், 1998ஆம் ஆண்டில் டிஜிநோட்டார் என்ற நிறுவனம் தோன்றிற்று. பெயரில் உள்ள நோட்டார் என்ற பகுதி, பத்திரங்களுக்குச் சான்று கூறும் நொத்தாரிசைச் சுட்டும். நிறுவனத்தின் பிறப்பிலேயே அந்நாட்டு நொத்தாரிசுகளின் தொழிலமைப்புக்குப் பங்கிருந்தது. மணமக்கள் செய்துகொள்ளும் உடன்படிக்கை, இறப்பவர் எழுதி வைக்கும் உயில், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வைத்திருந்த நம்பிக்கையின் நிழலிலேயே இப்புதிய முயற்சியும் வளர்ந்தது.

காலப்போக்கில் நெதர்லாந்து அரசும் இந்நிறுவனத்தைத் தன் சான்றளிப்போருள் ஒன்றாக ஏற்றது. குடிமக்கள் அரசுத் துறைகளோடு தொடர்பு கொள்ளப் பயன்படுத்தும் டிஜிடி என்ற அடையாள முறை, வாகனப் பதிவுத் துறை முதலியவற்றின் தளங்களில் டிஜிநோட்டாரின் சான்றிதழ்கள் இடம் பெற்றன. 2011 ஜனவரியில் வாஸ்கோ என்ற அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. ஆண்டுதோறும் தணிக்கை நடந்தது. சான்று கூறும் தகுதிக்கும் சான்று கிடைத்து வந்தது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

உள்ளே இருந்த நிலை பின்னர்தான் உலகுக்குத் தெரிந்தது. சான்றிதழ்களுக்கு ஒப்பமிடும் கணிப்பொறிகள் பலத்த கட்டுக்காவல் உள்ள அறையில் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் அக்கணிப்பொறிகளை அலுவலக வலையமைப்பின் வழியாக எட்ட முடிந்தது. அவை அனைத்தும் ஒரே நிர்வாகத் தொகுதிக்குள் அடங்கியிருந்தமையால், ஒருவருடைய பெயரும் கடவுச்சொல்லும் கிடைத்தால் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். அக்கடவுச்சொல்லும் எளிதில் ஊகிக்கத்தக்கதாகவே இருந்தது. ஆராயப்பட்ட கணிப்பொறிகளில் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் இல்லை. வெளியுலகை நோக்கிய தளங்களின் மென்பொருள் பழையதாய், செப்பனிடப்படாமல் கிடந்தது. முன்வாயிலில் இரும்புக் கதவும் கொல்லைப்புறத்தில் தட்டிப் படலும் வைத்த வீட்டுக்கு இதனை ஒப்பிடலாம்.

நாற்பது நாள் மௌனம்

2011 ஜூன் 17 அன்று அந்நியர் ஒருவர் டிஜிநோட்டாரின் வெளி வலையமைப்பினுள் நுழைந்தார். அடுத்த சில வாரங்களில் படிப்படியாக உள்ளே முன்னேறி, ஒப்பமிடும் கணிப்பொறிகளையே தம் வசப்படுத்தினார். ஜூலை 10 அன்று முதல் போலிச் சான்றிதழ் பிறந்தது. கூகுளின் எல்லாத் தளங்களுக்கும் செல்லுபடியாகக் கூடிய சான்றிதழும் அன்றே உருவாக்கப்பட்டது. தொடர்ந்து யாகூ, ஃபேஸ்புக், ட்விட்டர், ஸ்கைப் முதலியவற்றின் பெயரிலும், அமெரிக்க, பிரிட்டிஷ், இஸ்ரேலிய உளவு நிறுவனங்களின் பெயரிலும்கூடப் போலிகள் வந்தன. பின்னர் எண்ணிப் பார்த்தபோது அவற்றின் தொகை 531 என்று தெரிந்தது.

ஜூலை 19 அன்று, வழக்கமான சரிபார்ப்பின்போது, தம் ஏடுகளில் பதிவில்லாத சான்றிதழ்கள் உலவுவதை நிறுவனத்தார் கண்டனர். இந்த நாள்தான் இவ்வரலாற்றின் திருப்புமுனை. அன்று அவர்கள் முன் இரு வழிகள் இருந்தன. உலாவி நிறுவனங்களுக்கும் அரசுக்கும் உடனே அறிவித்து, "எங்கள் முத்திரை களவு போயிற்று, எச்சரிக்கையாக இருங்கள்" என்று பறைசாற்றுவது ஒரு வழி. கண்ணில் பட்ட போலிகளைச் செல்லாதவை எனக் குறித்துவிட்டு, வெளியே மூச்சுவிடாதிருப்பது மற்றொரு வழி. அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். வெளியிலிருந்து வல்லுநர்களை அழைத்து ஆராயச் செய்தனர். கண்ட போலிகளை நீக்கினர். காரியம் முடிந்தது என்று எண்ணினர். உலகுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கூகுளின் பெயரிலிருந்த அந்தச் சான்றிதழ் அவர்கள் கண்ணில் படவில்லை. அது உயிரோடிருந்தது.

அறியாமல் திறக்கப்பட்ட மடல்கள்

ஈரானில் 2009ஆம் ஆண்டுத் தேர்தலைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சியும் அதன்மேல் பாய்ந்த அடக்குமுறையும் அப்போது பழங்கதையாகிவிடவில்லை. அரசை விமர்சித்தோர், செய்தியாளர்கள், மாணவர்கள், வெளிநாட்டு உறவினரோடு தொடர்பு வைத்திருந்த எளிய குடும்பத்தினர் ஆகியோர் அயல்நாட்டு மின்னஞ்சலைப் பயன்படுத்தியதற்குக் காரணம், அங்கே தம் பேச்சு பூட்டப்பட்டிருக்கிறது என்ற ஆறுதலே.

2011 ஆகஸ்ட் 4 முதல் அந்த ஆறுதல் பொய்யாயிற்று. ஜிமெயிலை நாடிய ஈரானியரின் தொடர்பு, இடையில் வேறொரு கணிப்பொறிக்குத் திருப்பிவிடப்பட்டது. அது டிஜிநோட்டார் ஒப்பமிட்ட போலிச் சான்றிதழை நீட்டிற்று. உலாவிகள் அதனை ஏற்றன. திரையில் பூட்டின் சின்னம் வழக்கம்போலவே தோன்றிற்று. உள்ளே செல்லும் கடவுச்சொல்லும், வெளியே வரும் மடலும் இடையில் இருந்தவர் கண்ணில் பட்டன.

ஆகஸ்ட் 29 வரை இது நீடித்தது. அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று சரிபார்க்கக் கேட்டு டிஜிநோட்டாருக்கு வந்த வினவல்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 3,00,000 வெவ்வேறு இணைய முகவரிகள் தென்பட்டன. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை ஈரானுக்குரியவை. ஒருமுறை கடவுச்சொல் பறிபோனால், பின்னர் வேண்டும்போதெல்லாம் அஞ்சற்பெட்டியைத் திறக்கலாம். பழைய மடல்களைப் படிக்கலாம். அவற்றில் பெயர் வரும் நண்பர்களையும் தேடிச் செல்லலாம். ஒரு நாட்டின் இணையப் போக்குவரத்தையே திசை திருப்பும் ஆற்றல் தனியொருவருக்கு எளிதில் வாய்ப்பதன்று. இருப்பினும், இதனைச் செய்தவர் இன்னார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை.

இந்தக் களவு எவ்வாறு வெளிப்பட்டது? தணிக்கையாளர் கண்டுபிடிக்கவில்லை, அரசு கண்டுபிடிக்கவில்லை, முத்திரைக்கு உரியவர்களும் வாய் திறக்கவில்லை. கூகுள் தன் குரோம் உலாவியில் சில வாரங்களுக்கு முன்னர்தான் ஒரு கூடுதல் காவலைச் சேர்த்திருந்தது. தன் தளங்களுக்கு இன்னின்ன நிறுவனங்களின் முத்திரைகள் மட்டுமே உரியவை என்று அதனுள் எழுதி வைத்திருந்தது. ஆகஸ்ட் மாத இறுதியில், குரோம் உலாவி வைத்திருந்த ஈரானியர் ஒருவர் ஜிமெயிலைத் திறக்க முயன்றபோது எச்சரிக்கை தோன்றியது. அதனைப் புறந்தள்ளிவிடாமல், "இது என்ன?" என்று அவர் கூகுளின் உதவிப் பகுதியில் பொதுவில் கேட்டார். அந்த ஒரு கேள்வியே நாற்பது நாள் மௌனத்தை உடைத்தது.

நீக்கமும் அரசியலும்

ஆகஸ்ட் 29 அன்று கூகுளும் மொஸில்லாவும் மைக்ரோசாஃப்டும் டிஜிநோட்டாரைத் தத்தம் பட்டியலிலிருந்து நீக்கப் போவதாக அறிவித்தன. மறுநாள் தாய் நிறுவனமான வாஸ்கோ, ஜூலை 19 அன்றே ஊடுருவலைக் கண்டதாக ஒப்புக்கொண்டது. களவு போனதைவிடக் களவை மறைத்ததே உலகைச் சினங்கொள்ளச் செய்தது.

போலிகளை மட்டும் செல்லாதவை ஆக்கினால் போதாதா, நிறுவனத்தையே நீக்க வேண்டுமா என்ற கேள்வி இங்கு எழலாம். எத்தனை போலிகள் வெளியே சென்றன என்று அந்நிறுவனத்துக்கே தெரியவில்லை என்பதே அதற்கு விடை. கணக்கேடு வைத்திருந்த கணிப்பொறியே அந்நியர் கையில் இருந்தமையால் கணக்கேட்டையும் நம்ப இயலவில்லை. வேர் அழுகிய பின் இலையைக் கிள்ளி என்ன பயன்?

ஆயினும் நீக்கம் எளிதாக நடந்துவிடவில்லை. நெதர்லாந்து அரசுக்கென டிஜிநோட்டார் வழங்கிய சான்றிதழ்கள் தனி வேரைச் சார்ந்தவை. அவை களங்கப்படவில்லை என்று அந்நாட்டு அரசு கூறிற்று. அவற்றை நீக்கினால் அரசுத் தளங்கள் பலவும் முடங்கும். ஆகவே, அரசின் வேண்டுகோளை ஏற்று, உலாவி நிறுவனங்கள் முதலில் அந்தச் சான்றிதழ்களுக்கு மட்டும் விலக்களித்தன. அந்த விலக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஃபாக்ஸ் ஐ.டி. என்ற டச்சு ஆய்வு நிறுவனம் உள்ளே சென்று பார்த்தபோது, அரசுச் சான்றிதழ்களுக்குரிய கணிப்பொறிகளையும் ஊடுருவியவர் எட்டியிருக்கக் கூடும் என்று தெரிந்தது.

செப்டம்பர் 3 அன்று, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல், உள்துறை அமைச்சர் பீட் ஹெய்ன் டொன்னர் செய்தியாளரை அழைத்தார். டிஜிநோட்டார் மீதான நம்பிக்கையை அரசு விலக்கிக்கொள்கிறது என்றும், அதன் செயற்பாட்டை அரசே தன் மேற்பார்வையில் எடுத்துக்கொள்கிறது என்றும் அறிவித்தார். ஓர் அமைச்சர் ஊர் உறங்கும் வேளையில் சான்றிதழ்களைப் பற்றிப் பேச நேர்ந்த அந்த இரவு, இணையப் பாதுகாப்பு பொறியாளரின் மேசையிலிருந்து அரசியல் மேடைக்கு ஏறிய இரவு எனலாம்.

அடுத்து நடந்தது மேலும் சிந்திக்கத்தக்கது. டிஜிநோட்டாரை முற்றாக நீக்கும் மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் செப்டம்பர் 6 அன்று உலகெங்கும் அனுப்பிற்று. நெதர்லாந்துக்கு மட்டும், அந்நாட்டு அரசின் வேண்டுகோளின்படி, ஒரு வார காலம் தாமதித்தது. அரசுத் துறைகளின் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் பேச்சு அறுந்துவிடாதிருக்க இந்த அவகாசம் தேவைப்பட்டது. அதனைக் குறை கூறுவதற்கில்லை; ஓர் அரசு தன் மக்களின் அன்றாட வாழ்வு தடைப்படாமல் காக்க விழைவது இயல்பே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். டச்சுக் குடிமகனுக்குக் கேட்டுப் பெற ஓர் அரசு இருந்தது. அவனுக்கு ஒரு வாரம் கிடைத்தது. ஈரானியக் குடிமகனுக்காக அந்தப் பேச்சில் வாய் திறக்க எவரும் இல்லை. அவன் ஒரு மாதத்தை ஏற்கெனவே இழந்திருந்தான். செப்டம்பர் 8 அன்று கூகுள் ஈரானியப் பயனாளரை நோக்கி, கடவுச்சொல்லை மாற்றுங்கள், மடல்கள் வேறெங்கும் திருப்பி அனுப்பப்படுகின்றனவா என்று பாருங்கள் என அறிவுறுத்தியது.

செப்டம்பர் 14 அன்று, அந்நாட்டின் அன்றைய தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு டிஜிநோட்டாரின் பதிவை ரத்து செய்தது. செப்டம்பர் 20 அன்று நீதிமன்றம் அதனை நொடித்த நிறுவனமாக அறிவித்தது. மௌனம் உடைந்த நாளிலிருந்து நிறுவனம் மறைந்த நாள் வரை மூன்றே வாரங்கள்.

ஸ்ரெப்ரெனிட்சாவின் பெயரால்

இவ்வரலாற்றில் நம் நெஞ்சை உறுத்தும் ஒரு பகுதி உண்டு. 2011 செப்டம்பர் தொடக்கத்தில் இணையத்தில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அதே ஆண்டு மார்ச்சில் கொமோடோ என்ற மற்றொரு சான்றளிக்கும் நிறுவனத்தைத் தாக்கியவர் தாமே என்று உரிமை கொண்டாடிய ஒருவர், டிஜிநோட்டாரைத் தாக்கியதும் தாமே என்று எழுதினார். தாம் ஈரானியர் என்றும், தனியாளாகவே இதனைச் செய்ததாகவும் அவர் கூறிக்கொண்டார். தம் செயலுக்கு அவர் காட்டிய காரணம் ஸ்ரெப்ரெனிட்சா.

ஸ்ரெப்ரெனிட்சாவை நாம் மறந்திருக்க இயலாது. பாஸ்னியாவின் அச்சிறு நகரை 1993 ஏப்ரலில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை பாதுகாப்புப் பகுதி என அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்பி மக்கள் அங்கே அடைக்கலம் புகுந்தனர். காவலுக்கு நின்றவர்கள் டச்சு வீரர்கள். 1995 ஜூலை 11 அன்று ராட்கோ ம்லாடிச்சின் தலைமையிலான செர்பியப் படை நகரைக் கைப்பற்றிற்று. அடுத்த சில நாட்களில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். இது இனப்படுகொலையே எனப் பன்னாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 2002 ஏப்ரலில், இது குறித்த ஆய்வறிக்கை வெளியானதைத் தொடர்ந்து விம் கோக் தலைமையிலான டச்சு அமைச்சரவை பதவி விலகிற்று. 2019 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், டச்சு முகாமிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 350 பேரின் மரணத்தில் அரசுக்குப் பத்தில் ஒரு பங்குப் பொறுப்பு உண்டு எனத் தீர்த்தது.

பாதுகாப்புப் பகுதி என்பதும் ஒரு முத்திரையே. நம்பி உள்ளே வாருங்கள் என்று அது சொன்னது. நம்பி வந்தவர்களை அது காக்கவில்லை. அந்தத் துயரத்திற்கு நீதி கேட்கும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் திருடப்பட்ட முத்திரை யாருக்கு எதிராகப் பயன்பட்டது? ஸ்ரெப்ரெனிட்சாவைக் கைவிட்டவர்களின் மடல்களா திறக்கப்பட்டன? ஈரானிய மாணவனின் மடல். ஈரானியத் தாயின் மடல். அரசுக்கு அஞ்சி வாழ்ந்த ஈரானிய எழுத்தாளனின் மடல். இறந்த முஸ்லிம்களின் பெயரால் உயிரோடிருந்த முஸ்லிம்களின் வீட்டுக் கதவு திறந்துவிடப்பட்டது. பழிவாங்கலின் வாள் ஓங்கிய திசையில் விழாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுமோ? அவர் கூறிய காரணம் உண்மையா, வெறும் போர்வையா என்பது இன்றளவும் துலங்கவில்லை. எதுவாயினும் விளைவு ஒன்றே.

பிழைத்ததும் அழிந்ததும்

கொமோடோவின் கதையை இங்கே ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 2011 மார்ச் 15 அன்று, கொமோடோவுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்த்து வந்த முகவர் ஒருவரின் கணக்கு களவாடப்பட்டு, கூகுள், யாகூ, ஸ்கைப் முதலிய பெயர்களில் ஒன்பது போலிச் சான்றிதழ்கள் பெறப்பட்டன. கொமோடோ அவற்றை உடனே செல்லாதவை ஆக்கி, உலாவி நிறுவனங்களுக்குத் தெரிவித்து, ஒரு வாரம் கடந்ததும் பொதுவிலும் அறிவித்தது. அதன் மூலச் சான்றிதழ்கள் நீக்கப்படவில்லை.

ஒளிக்காதவன் பிழைத்தான், ஒளித்தவன் அழிந்தான் என்று இதிலிருந்து நீதி கூறிவிட மனம் விழைகிறது. அது முழு உண்மையன்று. கொமோடோ பெரிய நிறுவனம்; அதனை நீக்கினால் உலகெங்கும் எண்ணற்ற தளங்கள் ஒரே நாளில் முடங்கியிருக்கும். டிஜிநோட்டார் சிறியது, அதனை வெட்டி எறிவதற்குக் கை நடுங்கவில்லை. அளவு தண்டனையைத் தீர்மானிக்கும் இடத்தில் அரசியல் புகுந்துவிட்டது என்றே பொருள். ஆயினும், பின்னாளில் பெரியவருக்கும் அந்த நிலை வந்தது. சான்றளிப்பதில் முன்னணியில் நின்ற சைமாண்டெக் நிறுவனம் நெறிமுறைகளை மீறியதாகக் கூகுள் 2017இல் குற்றஞ்சாட்டியது. படிப்படியாக நம்பிக்கை விலக்கப்பட்டு, 2018 அக்டோபரில் குரோம் உலாவி அதன் பழைய சான்றிதழ்களை அடியோடு கைவிட்டது. சிறியவனுக்குச் சில நாட்கள், பெரியவனுக்கு ஒன்றரை ஆண்டு அவகாசம் என்ற வேறுபாடு மட்டும் எஞ்சிற்று.

பட்டியலைக் காப்பவர் யார்?

டிஜிநோட்டாரின் வீழ்ச்சிக்குப் பின் நாடுகள் விழித்துக்கொண்டன. நம் நாடும் இதில் ஒரு பாடம் கற்றது. 2014 ஜூலையில், இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுள், யாகூ தளங்களின் பெயரால் முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருப்பது தெரிந்தது. இந்தியாவின் கட்டுப்பாட்டு அதிகாரி அப்பிரிவின் சான்றிதழ்களை உடனே ரத்து செய்தார். தவறாக வழங்கப்பட்டவை நான்கே என்று விளக்கம் தரப்பட்டது. அந்நான்கில் அடங்காத வேறு சிலவற்றையும் தான் கண்டதாகக் கூகுள் தெரிவித்து, இந்திய அரசின் மூலச் சான்றிதழைக் குறிப்பிட்ட சில இந்தியத் தளங்களுக்கு மட்டுமே செல்லும்படி தன் உலாவியில் கட்டுப்படுத்திற்று.

2015இல் சீனாவின் இணையத் தகவல் மையம் எகிப்திய நிறுவனம் ஒன்றுக்கு வழங்கிய இடைநிலைச் சான்றிதழிலிருந்து போலிகள் பிறந்தன. கூகுள் அம்மையத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. சீன மையம் அம்முடிவை ஏற்க இயலாது என்று கண்டித்தது. 2019இல் கஜகஸ்தான் அரசு, தானே ஆக்கிய மூலச் சான்றிதழை மக்கள் தம் கருவிகளில் நிறுவிக்கொள்ள வேண்டும் என்றது. குடிமக்களின் பேச்சை இடைமறித்துக் கேட்பதற்கே அது வழி வகுக்கும் என்று கூறி, அவ்வாண்டு ஆகஸ்டில் கூகுளும் மொஸில்லாவும் ஆப்பிளும் அச்சான்றிதழைத் தடுத்தன. 2022இல் உக்ரைன் போரையொட்டிய பொருளாதாரத் தடைகளால் ரஷ்யத் தளங்கள் சில வெளிநாட்டுச் சான்றிதழ்களைப் புதுப்பிக்க இயலாமற்போகவே, ரஷ்ய அரசு தன் சொந்தச் சான்றளிக்கும் அமைப்பை ஏற்படுத்திற்று. உலகின் பெரிய உலாவிகள் அதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. யாண்டெக்ஸ் போன்ற உள்நாட்டு உலாவிகளே ஏற்றன.

இந்நிகழ்ச்சிகளை வரிசையாக நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். நம்பத்தக்கவர் யார் என்று உலகுக்குத் தீர்ப்பளிக்கும் பட்டியல், மக்கள் தேர்ந்தெடுக்காத ஒரு சில நிறுவனங்களின் கையில் உள்ளது. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே நாட்டில் உள்ளவை. கஜகஸ்தான் மக்களை அந்த அதிகாரம் காத்தது. நாளை அதே அதிகாரம் வேறு நோக்கத்திற்கும் பயன்படலாம் என்ற அச்சம் நாடுகளுக்கு எழுவதில் வியப்பில்லை. பட்டியலை அரசுகளிடம் ஒப்படைத்துவிடலாமே என்றாலோ, தன் மக்களின் மடலைப் படிக்க விரும்பும் அரசிடமே முத்திரையையும் கொடுத்ததாகும். வேலியே பயிரை மேயும் இடத்தில் எந்த வேலியை நம்புவது?

இவ்விரு அச்சங்களுக்கும் நடுவே கண்டறியப்பட்ட வழி ஒன்றுண்டு. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழையும், எவரும் பார்க்கக் கூடிய, ஒருமுறை எழுதியதை அழிக்க முடியாத பொதுப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும் என்பதே அது. இதற்குரிய நெறிமுறை 2013இல் வெளியாயிற்று. 2018 ஏப்ரல் மாதத்திற்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்கள் யாவும் அவ்வாறு பதிவாகியிருக்க வேண்டும் எனக் குரோம் உலாவி வற்புறுத்திற்று. போலி பிறப்பதை இது தடுத்துவிடாது. பிறந்த போலி நாற்பது நாள் இருளில் ஒளிந்திருப்பதை இது கடினமாக்கும்.

அமானிதத்தின் இலக்கணம்

பிறர் பொருளை நம்பிப் பெற்று வைத்திருப்பதை நாம் அமானிதம் என்கிறோம். அமானிதப் பொருள் களவு போவதும் உலகில் உண்டு. எவ்வளவு காவலிருந்தும் திருடன் வெல்லும் நாள் உண்டு. பொருளைக் காத்தவன் மீது அப்போது இரக்கம் கொள்ளலாம். ஆனால் களவு போனதை உடையவனுக்குச் சொல்லாதிருப்பது வேறு குற்றம். முதலாவது பலவீனம், இரண்டாவது துரோகம்.

2011 ஜூலை 19 அன்று டிஜிநோட்டார் வாய் திறந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நிறுவனம் ஒருவேளை அழிந்தே இருக்கலாம், பங்குதாரர்கள் நட்டப்பட்டிருக்கலாம். ஆனால் ஈரானில் மடல்கள் திறக்கப்படத் தொடங்கிய ஆகஸ்ட் 4க்கு இன்னும் பதினாறு நாட்கள் இருந்தன. பெவர்வெய்க்கின் ஓர் அலுவலகத்தில் தம் நற்பெயரைக் காக்கச் சிலர் எடுத்த முடிவின் விலையைத் தெஹ்ரானிலும் பிற ஊர்களிலும் முகமறியாத மக்கள் செலுத்தினர். நற்பெயரும் எஞ்சவில்லை. 2012 ஜூனில் வெளியான டச்சுப் பாதுகாப்பு விசாரணை வாரியத்தின் அறிக்கையும், இணையப் பாதுகாப்பு நிர்வாகத் தலைமையின் கவனத்தை உரியவாறு எட்டவில்லை என்றே சுட்டிற்று.

இவ்வரலாற்றில் வல்லுநர்கள், அமைச்சர்கள், பெரும் நிறுவனங்கள் எனப் பலர் வந்து போகின்றனர். ஆனால் முத்திரை முறிந்ததை உலகுக்கு அறிவித்தவர் இவர்களுள் ஒருவரும் அல்லர். தம் திரையில் தோன்றிய எச்சரிக்கையைக் கண்டு, அஞ்சி மூடிவிடாமல், வெட்கப்படாமல், "இது என்ன?" என்று நாலு பேர் அறியக் கேட்ட ஓர் ஈரானியப் பயனாளரே அவர். பேச வேண்டியவர்கள் மௌனம் காத்த இடத்தில், பேசினால் இடருக்கு ஆளாகக் கூடிய ஒருவர் பேசினார். நம்பிக்கை என்னும் கோட்டைக்கு நூறு வாயில்கள் இருக்கலாம். அதனை அன்று காத்தது அவருடைய ஒரு கேள்வி.